கார்கில் லோடு: ராத்திரி ரேடியேட்டர் தண்ணியை இறக்கிவிட்டா போதுமா?

நவம்பர் 3, இரவு 9.40 – கேள்வி

அண்ணா, நாமக்கல் வண்டி, பத்து சக்கரம், 2014 மாடல். ஜம்முவில் லோடு இறக்கினதும் அங்கிருந்து கார்கிலுக்கு ஒரு லோடு இருக்குன்னு புரோக்கர் சொல்றார். டிரைவர் ஸ்ரீநகர் தாண்டிப் போனதில்லை. ரேடியேட்டரில் இப்போ வெறும் போர் தண்ணி. உறையாம இருக்க கூலன்ட் கட்டாயம் ஊத்தணுமா? ராத்திரி தண்ணியை இறக்கிட்டு காலையில சுடுதண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா போதும்னு ஸ்டாண்டில் சொல்றாங்க. நம்ம ஊர் வெயிலுக்குத் திரும்பி வரப்போற வண்டிக்கு அவ்வளவு செலவு தேவையா?

நவம்பர் 3, இரவு 11.15

போதாது தம்பி. நான் இறக்கிவிட்டேன். அப்படியும் உடைஞ்சது. மீதியை நாளைக்கு எழுதறேன், இப்போ கண்ணைக் கட்டுது.

நவம்பர் 4, காலை

2004, நவம்பர் கடைசி. நானும் ஒரு கிளீனர் பையனும். சோஜிலா கணவாய் ஏறி இறங்கி, கும்ரி, மினாமார்க் தாண்டி, இருட்டறப்போ திராஸில் நிறுத்தினோம். 3,280 மீட்டர் உயரம். எங்களுக்கு முன்னாடி நின்ன பஞ்சாப் வண்டி சர்தார் வந்து, தண்ணியை இறக்கிடுங்கன்னு கையாலேயே சாடை காட்டிட்டுப் போனார். அவர் வண்டி அடியில ஏற்கனவே ஒரு குட்டை உறைஞ்சு கண்ணாடியா கிடந்தது.

ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்தேன். பையன் வாளி பிடிச்சான். நல்லா வந்தது, அப்புறம் நூலா வந்தது, நின்னது. இன்ஜின் பக்கவாட்டில, பிளாக்கில, இன்னொரு சின்ன குழாய் இருக்கும். அதையும் திறந்தேன். ரெண்டு சொட்டு விழுந்தது. சரி, எல்லாம் ரேடியேட்டர் வழியாவே போயிடுச்சுன்னு நினைச்சு கேபினுக்குள்ள ஏறி ரெண்டு கம்பளிக்குள்ள புகுந்துட்டேன்.

அது போகலை. ஆறு வருஷமா நம்ம ஊர் போர் தண்ணி குடிச்ச இன்ஜின் அது. வெந்நீர் போடுற பாத்திரத்தோட அடியில வெள்ளையா ஒட்டுமே, அதே உப்பு அந்தக் குழாய்க்குப் பின்னாடி சிமென்ட் மாதிரி அடைச்சுக்கிட்டிருந்தது. ஒரு கம்பியை உள்ளே விட்டு குத்தியிருந்தா பிளாக்கில் இருந்த தண்ணி பொத்துக்கிட்டு வந்திருக்கும். குத்தத் தோணலை.

காலையில பார்த்தா இன்ஜின் ஓரத்துல ஒரு கோர் பிளக் வெளியே வந்து நிக்குது. ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய தகர மூடி. அதுக்குப் பின்னாடி ஒரு அங்குலத்துக்குக் குச்சி ஐஸ் மாதிரி வெள்ளைப் பனி, அந்த மூடியைத் தொப்பியா போட்டுக்கிட்டு வெளியே எட்டிப் பார்க்குது. பையன் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன், அதோட விலை அப்போ தெரியாது.

நவம்பர் 4, மதியம்

சமாச்சாரம் இவ்வளவுதான்: தண்ணி உறையறப்போ சுமார் 9 சதவீதம் பெருக்கும். 10 லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 11 லிட்டர் பனிக்கட்டியா மாறப் பார்க்கும். மூடின பாத்திரத்துக்குள்ள அதுக்கு இடம் இல்லை. வார்ப்பிரும்பு அழுத்தினா தாங்கும், உள்ளேயிருந்து விரிச்சா தாங்காது.

தப்பிச்சது கோர் பிளக் புண்ணியத்துல. அது தெறிக்கறதுக்குன்னே வெச்ச பிளக். தெறிச்சா பிளாக் பிழைச்சுக்கும்.

கூலன்ட் ஊத்து தம்பி. மேலே போறதா இருந்தா 70, 80 சதவீதம்கூட ஊத்தலாம், எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாதுகாப்பு.

நவம்பர் 5

மேலே கடைசி வரி தப்பு. ராத்திரி படுத்தப்புறம் உறுத்திக்கிட்டே இருந்தது. காலையில கேனில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிச்சேன்.

கூலன்ட்டில இருக்கிற எத்திலீன் கிளைக்கால், தண்ணியே கலக்காம தனியா இருந்தா மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணி கலந்தா மைனஸ் 36, 37 வரை இறங்கும். 60 சதவீதத்துல மைனஸ் 50 பக்கம். 70ஐ நெருங்கினதும் திரும்பிடும், அதுக்கு மேல ஊத்த ஊத்த பாதுகாப்பு குறையும். தண்ணி தனியா இருந்தா பனியா அடுக்கிக் கட்டிக்கும், கிளைக்கால் தனியா இருந்தா அதுவும் கட்டிக்கும், ரெண்டையும் கலந்தா ஒண்ணு இன்னொண்ணை அடுக்க விடாது. கூட்டுக் குடும்பத்துல யாரும் நிம்மதியா தூங்க முடியாத மாதிரி.

அதோட கிளைக்காலுக்கு சூட்டை வாங்கி வெளியே கடத்துற திறன் தண்ணியை விடக் குறைவு. 80 ஊத்திக்கிட்டு சோஜிலாவை ஃபர்ஸ்ட் கியரில் ஏறினா, குளிர்லயே ஹீட் ஆகும்.

ஆக பாதிக்குப் பாதி. மிஞ்சிப்போனா 60. அவ்வளவுதான்.

நவம்பர் 5, இரவு

தண்ணியும் போர் தண்ணி வேண்டாம். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கு. ஏன்னு மேலே அடைச்ச குழாய் கதையைப் படி.

நவம்பர் 7

தம்பி தனிச் செய்தியில படம் அனுப்பியிருக்கார். கேன் வாங்கியாச்சாம், 14 லிட்டர். பழைய தண்ணியை இறக்கி ரெண்டு தடவை அலசிட்டு, 14 கூலன்ட், 14 டிஸ்டில்ட் வாட்டர், மொத்தம் 28 லிட்டர் ஊத்தியாச்சாம். "பாதிக்குப் பாதி ஆச்சு அண்ணா, கிளம்பலாமா?"

கேன் படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. மூலையில சின்ன எழுத்துல "அப்படியே ஊற்றவும்"னு போட்டிருக்கு. அதாவது கம்பெனிக்காரன் ஏற்கனவே பாதி தண்ணி கலந்துதான் அடைச்சிருக்கான். நீ அதுல மறுபடி பாதி கலந்திருக்கே. இப்போ வண்டியில இருக்கறது கால்வாசி கிளைக்கால்தான். மைனஸ் 12 பக்கமே உறைய ஆரம்பிக்கும்.

இது தம்பியோட தப்பு மட்டும் இல்லை. கடையில ரெண்டு வகையும் ஒரே நிறத்துல, ஒரே மாதிரி கேன்ல, ஒரே தட்டுல நிக்குது. கெட்டியா வர்றது ஒண்ணு, கலந்து வர்றது ஒண்ணு. சிலதுல ஒண்ணுக்கு மூணு தண்ணி கலக்கச் சொல்லியே போட்டிருக்கும். நம்ம ஊருக்கு அது சரி, துருப்பிடிக்காம இருந்தா போதும். திராஸுக்கு அது ஆகாது.

கணக்கு: 28 லிட்டர்ல இப்போ 7 லிட்டர் கிளைக்கால் இருக்கு, 14 வேணும். நேரா 7 லிட்டர் சேர்க்க இடம் இல்லை, கொஞ்சத்தை வெளியே எடுக்கணும். எடுக்கறதுலயும் கால்வாசி கிளைக்கால் போகும். அதனால 9 லிட்டர் 300 மில்லி இறக்கிட்டு அதே அளவு கெட்டி கூலன்ட் ஊத்தினா பாதிக்குப் பாதி வரும். 10 லிட்டர்னு வெச்சுக்கோ. ஊத்திட்டு இன்ஜினை நல்லா சூடேற ஓட்டு, தெர்மோஸ்டாட் (சூடேறினா தானா திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற அடைப்பு) திறந்தாத்தான் ரேடியேட்டர்ல இருக்கறதும் பிளாக்ல இருக்கறதும் கலக்கும். அதுக்கு முன்னாடி அளந்தா பொய் சொல்லும்.

நவம்பர் 7, கொஞ்ச நேரம் கழிச்சு

அளக்கறதுன்னா எதுல? மிதவை போட்ட குழாய் ஒண்ணு விலை குறைவா கிடைக்கும், பரவாயில்லை. ஆனா ரெஃப்ராக்டோமீட்டர்னு ஒண்ணு, சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும், அதை வாங்கிக்கோ. கண்ணாடி மேல ஒரு சொட்டு விட்டு மூடியை அமுக்கி, வெளிச்சத்தைப் பார்த்து கண்ணை வெச்சா, மேலே நீலம், கீழே வெள்ளை. ரெண்டும் சேர்ற கோடு எந்த எண்ல நிக்குதோ அதுவரை தாங்கும். உள்ள ரெண்டு மூணு அளவுகோல் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒண்ணு பேட்டரி ஆசிட்டுக்கு. அதைப் பார்த்துட்டு பயந்துடாதே. சில கூலன்ட்ல எத்திலீனுக்குப் பதிலா இருக்கிற புரோப்பிலீன் கிளைக்காலுக்குத் தனி கோடு இருக்கும், கேனைப் பார்த்துட்டு சரியான கோட்டைப் படி.

முதல்ல வெறும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்துல நிக்குதான்னு பார்த்துக்கணும். நான் வாங்கினது முதல் நாளே தள்ளிக் காட்டுச்சு, மேலே இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பி சரி பண்ணினேன்.

நவம்பர் 9

கூலன்ட் நிறத்தைப் பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. பச்சையா, சிவப்பா, நீலமா? நிறம் சாயம்தான். எந்த நிறத்துக்கு எந்த மருந்துன்னு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. துருவைத் தடுக்கிற மருந்துதான் வகைக்கு வகை மாறும். வேற வேற வகையைக் கலந்தா சிலது திரிஞ்சு, பழைய கஞ்சி மாதிரி கொழகொழன்னு ரேடியேட்டர் குழாயை அடைக்கும். சிவப்பும் பச்சையும் கலந்து பழுப்பா வந்தா அடியோட இறக்கி அலசறதுதான் வழி.

டீசல் வண்டிக்கு அந்த மருந்து இன்னும் முக்கியம். ஈர லைனர் இன்ஜின்ல, அதாவது பிஸ்டன் ஓடுற குழாயை (லைனர்) சுத்தி நேரா தண்ணி நிக்கிற இன்ஜின்ல, பிஸ்டன் அடிக்கிற அதிர்வுல லைனர் வெளிப்பக்கம் குமிழ் உண்டாகி உடையும். உடைய உடைய ஊசி குத்தின மாதிரி பள்ளம் விழும், கடைசியில ஓட்டையே விழும். வெறும் தண்ணியில ஓடின லைனரைக் கழட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அம்மைத் தழும்பு முகம் மாதிரி இருக்கும். "வெயில் ஊருக்கு கூலன்ட் செலவு தேவையா"ன்னு முதல்ல கேட்டதுக்குப் பதில் இதுதான். குளிருக்கு மட்டும் ஊத்தறது இல்லை.

நவம்பர் 10

கோர் பிளக் பத்தி நான் எழுதினதை ஒருத்தர் மறுத்திருக்கார். அவர் வார்ப்புப் பட்டறையில வேலை பார்த்தவராம். அந்த ஓட்டைகள் பனிக்காக வெச்சதே இல்லையாம். பிளாக்கை வார்க்கறப்போ உள்ளே தண்ணி ஓடுற இடத்துக்கு மணல் அச்சு வெப்பாங்க, வார்த்த பிறகு அந்த மணலை வெளியே எடுக்க ஓட்டை வேணும், அந்த ஓட்டையை அடைக்கிற மூடிதான் அது. உறையறப்போ சில சமயம் தெறிக்கும், சில சமயம் தெறிக்காது. தெறிச்சாலும் பிளாக் பிழைச்சுக்கும்னு உத்தரவாதம் இல்லை.

அவர் சொல்றது சரி. எனக்கே தெரியும். ஏன்னா என் கதையைப் பாதியில நிறுத்திட்டேன்.

கார்கில்ல ஒரு கடையில பிளக் வாங்கி அடிச்சு மாட்டி, தண்ணி ஊத்தி, ஒழுகலைன்னு சந்தோஷமா இறங்கினேன். உதம்பூர் வர்ற வரைக்கும் தினமும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தண்ணி குறைஞ்சுது. அடியில ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆவியா போகுதுன்னு நினைச்சேன். உதம்பூர்ல ஆயில் கம்பியை உருவிப் பார்த்தா, ஆயில் கறுப்பா இல்லை. பால் கூடின டீ நிறம். அளவும் மேலே ஏறியிருக்கு. புஷ் ராட் ஓடுற பக்கத்துச் சுவர்ல, உள்ளுக்குள்ள, தலைமுடி அளவு விரிசல். தண்ணி அது வழியா ஆயில் சம்ப்புக்குள்ள இறங்கிக்கிட்டிருந்திருக்கு.

விரிசல் நெடுக வரிசையா ஓட்டை போட்டு, ஒண்ணோட ஒண்ணு பிடிக்கிற மாதிரி ஸ்க்ரூ முடுக்கித் தைக்கிற வேலை. 11 நாள் படுத்தோம். பேரிங் எல்லாம் மாத்தினேன். பிளக் காப்பாத்திச்சுன்னு இருபது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன், அப்படிச் சொன்னா கதை நல்லா முடியுது. அதான்.

நவம்பர் 10, இரவு

அதனால: ஒரு தடவை உறைஞ்சுதுன்னு சந்தேகம் வந்தா, உருகினதும் ஓட்டிப் பார்த்துட்டு ஆயில் கம்பியை உருவிப் பாரு. அடுத்த ரெண்டு நாளும் பாரு. வெளியே ஒழுகலைன்னு நம்பாதே.

நவங்பர் 12 – நவம்பர். கை விறைச்சு எழுதின மாதிரி இருக்கு, இங்கே 31 டிகிரி.

தண்ணி இறக்கறது பத்தி இன்னும் ஒண்ணு, இதைப் பலபேர் மறந்துடறாங்க. ஏர் பிரேக் கம்ப்ரசர். பல வண்டியில அதோட தலைக்கும் இன்ஜின் தண்ணிதான் போகுது. ரேடியேட்டர், பிளாக் ரெண்டையும் இறக்கினாலும் அதுக்குள்ள ஒரு கோப்பைத் தண்ணி தேங்கி நிக்கும். ஆயில் கூலர்லயும் தேங்கும். தண்ணி பம்ப் கிண்ணத்துலயும் தேங்கும். பம்ப் உறைஞ்சிருக்கறப்போ செல்ஃப் அடிச்சா பெல்ட் கத்தும், இல்லைன்னா இறக்கையோ சாஃப்ட்டோ உடையும். வண்டி சரிவுல நின்னா கணக்கே வேற.

கூலன்ட் எல்லாம் பரவலா கிடைக்காத காலத்துல வேற வழி இல்லாம இறக்கினாங்க. இறக்கத் தெரிஞ்சவங்க எந்த மூலையில தேங்கும்னு தங்கள் வண்டியை மனப்பாடமா வெச்சிருந்தாங்க. நமக்கு அந்தப் பாடம் கிடையாது.

நவம்பர் 13

உப்பு போட்டா தண்ணி உறையாதேன்னு ஒரு மாணவர் கேட்டிருக்கார். பாடப்புத்தகம் சரிதான் தம்பி, சமையல் உப்பை நிறையக் கரைச்சா மைனஸ் 21 வரை இறங்கும். ரேடியேட்டரும் அதோட இறங்கி மண்ணுக்குப் போயிடும். உப்புத் தண்ணி, சூடு, அலுமினியம், இரும்பு, எல்லாம் ஒரே இடத்துல. வேண்டாம்.

நவம்பர் 13, இரவு 10.50

பிராந்தி ஊத்தலாமான்னு கேட்டவருக்கு: வேடிக்கையா கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. 1920கள்ல மேல்நாட்டுக் கார்கள்ல சாராயம்தான் ஊத்தினாங்க, மெத்தனாலோ எத்தனாலோ. உறையாது. ஆனா எத்தனால் 78 டிகிரியில கொதிக்கும், மெத்தனால் 65லயே. இன்ஜின் சூடு 80, 90. ஆக ஓட ஓட சாராயம் ஆவியாகி, தண்ணி மட்டும் நிக்கும். மறுநாள் ராத்திரி உறையும். கிளைக்காலோட மகிமையே அது சுமார் 197 டிகிரி வரை கொதிக்காது, உள்ளேயே கிடக்கும்கிறதுதான்.

நம்ம கடைப் பாட்டில்ல 42.8 சதவீதம் போட்டிருக்கும். சோஜிலா ஏறி முடிக்கறதுக்குள்ள ரேடியேட்டர் தெளிஞ்சு உக்காந்திருக்கும்.

சிரிச்சாச்சு. இப்போ சிரிக்காத விஷயம். கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கும், குழந்தை குடிக்கும். உடம்புக்குள்ள போய் ஆக்சாலிக் அமிலமா மாறி, சிறுநீரகத்துல ஊசி ஊசியா படிகம் கட்டி அடைச்சுடும். இறக்கின கூலன்டை வாளியில விட்டுட்டு டீ குடிக்கப் போகாதே. குளிர்பான பாட்டில்ல ஊத்தி கேபின்ல வைக்காதே. யாராவது குடிச்சுட்டா வாந்தி, தூக்கம்னு காத்திருக்காம உடனே பெரிய ஆஸ்பத்திரி, கேனையும் கையில எடுத்துக்கிட்டு.

நவம்பர் 15

வீட்டு ஃபிரீசர்ல சோதனை பண்ணினேன். எங்க வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 காட்டுது. மூணு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், கழுத்து வரை நிரப்பி, மூடி, அதைப் பாலித்தீன் பையில கட்டி, மேலே "விஷம்"னு எழுதி. மாவு டப்பா பக்கத்துல வெச்சதுக்கு வீட்டுல ஒரு மணி நேரம் அர்ச்சனை. நியாயம்தான், அந்த ஃபிரீசரை அப்புறம் காலி பண்ணித் துடைச்சுக் கொடுத்தேன். நீங்க பண்ணாதீங்க, சாப்பாடு வைக்காத பெட்டி இருந்தா மட்டும் பண்ணுங்க.

ராத்திரி வெச்சு காலையில எடுத்தேன். வெறும் தண்ணி பாட்டில் வயிறு உப்பி, அடித் தையல் பிளந்திருந்தது. தம்பி முதல்ல கலந்த மாதிரி கால்வாசி கிளைக்கால் போட்டது கல்லா ஆகலை. சர்பத் கடையில ஐஸைச் சீவிப் போட்டுக் கலக்கின மாதிரி இருந்தது, கரண்டி இறங்குது. பாட்டில் உடையலை. பாதிக்குப் பாதி போட்டது தேன் மாதிரி மெதுவா ஆடிச்சு, ஒரு துளி பனி இல்லை.

அந்த நடு பாட்டிலைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் உறைச்சது. (சொல்லு தானா வந்துடுச்சு, விடுங்க.) கலவை எந்த டிகிரியில உறைய ஆரம்பிக்குதோ அதே டிகிரியில இன்ஜின் உடையறது இல்லை. முதல்ல கூழாகும். கூழுக்கு இடம் கிடைச்சா நகர்ந்துக்கும். ஆக கால்வாசி கலவை பிளாக்கை உடைக்காம விட்டாலும் விடும். ஆனா கூழ், ரேடியேட்டர் குழாய்க்குள்ள ஓடாது. அது வேற ஆபத்து. நாளைக்கு.

நவம்பர் 17

நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாள் ஆச்சு. ஓடிக்கிட்டு இருக்கறப்போவே ரேடியேட்டர் உறையற கதை.

குளிர்ல கிளம்பினா தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். இன்ஜின் தண்ணி இன்ஜினுக்குள்ளேயே சுத்தும். ரேடியேட்டர் மட்டும் எதிர்க்காத்தை முகத்துல வாங்கிக்கிட்டு சும்மா நிக்கும். கலவை பத்தலைன்னா அடிக்குழாய்கள் கூழாகி அடைச்சுடும். இப்போ இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்குது, தண்ணி போக வழி இல்லை. ஹீட் முள்ளு மேலே போகுது. வெளியே மைனஸ் 15, உள்ளே கொதிக்குது! டிரைவர் என்ன நினைப்பான்? தண்ணி இல்லைன்னு நினைப்பான். நிறுத்தி மூடியைத் திறந்தா முகத்துல அடிக்கும்.

கையை மேல் ஹோஸ்ல வை, அப்புறம் கீழ் ஹோஸ்ல வை. மேலே சுடுது, கீழே பனிக்கட்டின்னா அதுதான். கீழ் ஹோஸை அமுக்கினா உள்ள மணல் நெறிபடற மாதிரி நறநறன்னு கேட்கும். இன்ஜினை நிறுத்திட்டு, ரேடியேட்டர் முன்னாடி கம்பளியோ தார்ப்பாயோ போட்டு மூடி, இன்ஜின் சூடு முன்னாடி பரவ விட்டு, பொறுமையா உருக விடு. கொதிக்கிற தண்ணியை மேலே கொட்டாதே, உறைஞ்ச வார்ப்பிரும்பு டக்குனு விரிசல் விடும். ஸ்டாண்டில் சொன்ன அந்த "காலையில சுடுதண்ணி" யோசனையும் வெதுவெதுப்புக்கு மேல போகக் கூடாது.

ரேடியேட்டர் முன்னாடி அட்டைப்பெட்டி கட்டிக்கிட்டு ஓடறது இதுக்குத்தான். பாதி மூடு, முழுசா மூடாதே. ஏத்தத்துல கழட்டு.

நம்ம டிரைவர்கள் பலபேர் ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டி எறிஞ்சிருப்பாங்க. தம்பி, உன் வண்டியில இருக்கான்னு பாரு. இல்லைன்னா மாட்டு. அங்கே அது இல்லாம ஓடினா இன்ஜின் சூடே ஏறாது, டீசல் குடிக்கும், புகை தள்ளும்.

நவம்பர் 17, இரவு

"காத்து அடிச்சா மைனஸ் 5ங்கறது வண்டிக்கு மைனஸ் 20 ஆயிடும்"னு நான் வேற ஒரு இடத்துல எழுதினதை எடுத்துப் போட்டிருக்கார் ஒருத்தர். ஒத்துக்கறேன், தப்பு. அது மனுஷத் தோலுக்கு. காத்து சூட்டைச் சீக்கிரம் பிடுங்கும், ஆனா வெளியே மைனஸ் 5னா ரேடியேட்டர் மைனஸ் 5க்குக் கீழே போகாது. சீக்கிரம் மைனஸ் 5 ஆகும், அவ்வளவுதான். காத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினா இன்ஜின் கொஞ்ச நேரம் கூட சூடா இருக்கும்.

நவம்பர் 20

பி.எஸ். 6 வண்டி வெச்சிருக்கறவர் கேட்டது: ஆட்புளூ (புகையைச் சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்துற திரவம்) உறையுமா? உறையும், மைனஸ் 11லயே. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணி. ஆனா அதுக்கு கூலன்ட், சாராயம் எதுவும் கலக்கக் கூடாது, கலந்தா சைலன்சர்ல இருக்கிற சமாச்சாரம் காலி. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பாம பெருக்க இடம் விடு. பல லாரியில சூடான கூலன்ட் குழாயை அந்த டேங்க் வழியா சுத்தி விட்டுத்தான் உருக வைக்கறாங்க. ஆக உன் கூலன்ட் கூழாகிக் கிடந்தா ஆட்புளூவும் உருகாது. ஒருத்தன் கடன் கட்டலைன்னா ஜாமீன் போட்டவனும் மாட்டற மாதிரி.

டீசலும் மெழுகு கட்டும். லடாக்குக்குன்னு 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் குளிர்கால டீசல் கொண்டு வந்தது, மைனஸ் 33 வரை ஓடும்னு சொன்னாங்க. 2004ல நாங்க பம்ப் ஸ்டவ்வை டீசல் டேங்க் அடியில பத்த வெச்சோம். இப்போ நினைச்சா வயித்தைக் கலக்குது.

நவம்பர் 21

தம்பி அளந்துட்டார். மைனஸ் 36ல கோடு. தெர்மோஸ்டாட் இல்லாம இருந்ததாம், மாட்டியாச்சாம். கிளம்புங்க. ஏர் டேங்க் அடியில இருக்கிற குழாயையும் தினமும் திறந்து தண்ணியை வெளியே விடச் சொல்லு, பிரேக் லைன்ல உறைஞ்சா அது ரேடியேட்டரை விடப் பெரிய வம்பு.

டிசம்பர் 4

சேதி ஏதும் வரலை. சோஜிலாவுல பனின்னு யாரோ சொன்னாங்க. வாசல்ல நின்னு போனைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், என் வண்டியே போயிருக்கிற மாதிரி.

டிசம்பர் 9

வண்டி கார்கில் போய் இறக்கிட்டு ஜம்மு திரும்பியாச்சு. திராஸ்ல ரெண்டு ராத்திரி நின்னிருக்கு. டிரைவர் போன்ல மைனஸ் 19 காட்டினதாம். காலையில மூணாவது செல்ஃப்ல எடுத்துச்சாம்.

டிசம்பர் 19

வண்டி நாமக்கல் வந்தாச்சு. மறுபடி அளக்கச் சொன்னேன். மைனஸ் 28! போனப்போ 36. எட்டு டிகிரி எங்கே போச்சு?

தம்பி விசாரிச்சதுல தெரிஞ்சுது: ராம்பன்ல கீழ் ஹோஸ் கிளிப் தளர்ந்து ஒழுகியிருக்கு. குளிர்ல ரப்பர் சுருங்கினா அப்படி ஆகும். கிளிப்பை முடுக்கிட்டு, கிளீனர் பையன் ரோட்டோரக் குழாய்ல நாலு லிட்டர் பிடிச்சு ஊத்தியிருக்கான். 28ல நாலு போய் வெறும் தண்ணி வந்தா, 50 சதவீதம் 43 ஆகும். கோடு சரியா அங்கேதான் நிக்குது. பையன் சொல்லவே இல்லை, கருவி சொல்லிடுச்சு.

எப்போ ஊத்தினான்னு கேட்டேன். போறப்போவாம், வர்றப்போ இல்லையாம். அதாவது திராஸ்ல அந்த ரெண்டு ராத்திரியும் வண்டி மைனஸ் 28ல நின்னிருக்கு, வெளியே மைனஸ் 19. ஒன்பது டிகிரி இடைவெளி. நாலு லிட்டருக்குப் பதிலா பத்து லிட்டர் ஒழுகியிருந்தா?

அடுத்த தடவை அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணை இங்கேயே பாதிக்குப் பாதி கலந்து, கேபின்ல இல்லாம வெளி டூல் பாக்ஸ்ல வெச்சு அனுப்பு. மேலே பெரிசா எழுது. பையனைத் திட்டாதே, கேன் அவன் கையில இல்லை, குழாய்தான் இருந்தது.

டிசம்பர் 20

தம்பியோட கடைசிக் கேள்வி: "இனி ஏப்ரல் வரைக்கும் நம்ம பக்கம்தான் ஓட்டம். இதை இறக்கி வெச்சுக்கிட்டு வெறும் தண்ணி ஊத்திக்கட்டுமா அண்ணா?"

இறக்காதே. அந்த நாலு லிட்டர் ரோட்டோரத் தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணு. நாலு லிட்டர் இறக்கிட்டு நாலு லிட்டர் கெட்டி கூலன்ட் ஊத்து, மறுபடி பாதியைத் தொட்டுடும். இறக்கறப்போ பிளாக் குழாயையும் திற. ரெண்டு சொட்டு விழுந்து நின்னா கம்பியை விட்டுக் குத்து.